பத்து நாள் சாவி

வேலந்தாவளத்துக்கு வெள்ளிக்கிழமைதான் தண்ணி லாரி.
வீட்டுக்கு எட்டுக் குடம்.
ஒன்பதாவதைக் காலுக்குப் பின்னால் மறைத்து
வரிசையில் நிற்கிறேன்.
ஷிஃபானா கேட்கிறாள்:
"அம்மா, அந்த ஊர்ல பாலைவனம் எங்க இருந்துச்சு?"

பார்க்கவில்லைதான்.
பத்து நாளில் நாங்கள் கண்ட மணல்
பூங்காவில் சறுக்குமரத்தடியில் கொட்டியிருந்தது.
அதையும் ஒருவன் குனிந்து வாரிக்கொண்டிருந்தான்,
தலை வாருவதுபோல.

மற்றதெல்லாம் தண்ணீர்.
பாட்டுக்கு எழும்பி ஆடுகிற தண்ணீர்.
சுறாக்களைக் கண்ணாடிக்குள் நிறுத்திய தண்ணீர்.
நடுச்சாலைப் புல்லுக்குக் கறுப்புக் குழாயில்
சொட்டுச் சொட்டாகப் போகும் தண்ணீர்.
சாரல் விழும் பக்கமாக
அனஸ் வாயைத் திறந்துகொண்டு நின்றான்.
"குடிக்காதே" என்றார் அவன் அத்தா.
"ஏன், காசா?"

கோயம்புத்தூரில் ஏறி ஷார்ஜாவில் இறங்கினோம்.
அவர் ஓட்டி வந்தது முதலாளியின் வண்டி.
சீட்டுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை.
"நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றார்.
வீடு வரும்வரை
ஒருத்தரும் சாயவில்லை.

பதினேழாவது மாடி.
சாவி இரண்டு தடவை தப்பாகத் திரும்பியது.
கூடத்து விளக்குக்கு நீட்டிய கை
குளியலறை விளக்கைப் போட்டது.
"புது வீடு. இன்னும் பழகல."

ஏழு வருஷமாக வீடியோவில்
அவர் தலைக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை.
அந்த வீட்டில் நான்கு ஜன்னல்.
எதிலும் பச்சை இல்லை.

ஃப்ரிட்ஜில் மூடி வைத்த மீன் குழம்பு.
மூடிமேல் ஒரு சீட்டு, மலையாளத்தில்:
சூடாக்கிக்கோ, உப்பு கொஞ்சம் குறைவு.
குண்டு குண்டான பெண் கையெழுத்து.
சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தேன்.
குழம்பைச் சூடாக்கினேன்.
உப்பு சரியாகத்தான் இருந்தது.
"நீங்களா வச்சீங்க?" என்றேன்.
"ம்" என்றார்.
நன்றாக இருக்கிறது என்று
இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

கதவு நிலையைக் கண்டுபிடித்தது ஷிஃபானா.
பென்சில் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக.
நிஹால் ஆறு வயசு. நிஹால் ஏழு.
நிஹால் எட்டு, காய்ச்சலுக்கு அப்புறம்.
"அத்தா, யாரு நிஹால்?"
ஆறிப்போன டீயை
அவர் மறுபடி ஆற்றினார்.
"முன்னாடி இருந்தவங்க பையன்."
"அவன் செருப்பு இங்கயே இருக்கே."
"மறந்துட்டுப் போயிருப்பான்."

கடைசி ராத்திரி
பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது
நிலையில் முதுகை ஒட்டி நின்றுகொண்டாள்.
"என்னையும் போடுங்க."
வேண்டாம் என்றார்.
அடுத்தவங்க சுவர் என்று
சொல்ல வந்ததை
பாதியில் விழுங்கினார்.
நான் துணியை மடித்தேன்.
மடித்ததையே பிரித்து மடித்தேன்.

பிறகு பென்சில் சீவும் சத்தம்.
பாஸ்போர்ட்டை அவள் தலைமேல் தட்டையாக வைத்து,
ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்து,
மூச்சை அடக்கிக்
கோடு இழுத்தார்.
அவளுக்கு ஒன்பது வயசு.
அவர் கையால் அளந்தது இதுதான் முதல் தடவை.
எழுதச் சொன்னதற்கு
ஷிஃபானா என்று எழுதவில்லை,
தேதி மட்டும் எழுதினார்.
விரலால் அதைத் துடைக்கப் போய்
துடைக்காமல் விட்டார்.

நேற்று ராத்திரி பேசினார்.
பின்னால் பச்சைத் திரை.
திரைக்கு அந்தப் பக்கம்
யாரோ தும்மினார்கள்.
"அத்தா, என் கோட்டைக் காட்டுங்க" என்றாள்.
"கேக்கல, சிக்னல் இல்ல,
நீ செக்போஸ்ட் பக்கம் போய் நில்லு."
அவளும் போனாள், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு,
கேரளத்தில் பாதி,
தமிழ்நாட்டில் பாதி.

லாரி வந்துவிட்டது.
ஆறுச்சாமி குழாயை இழுத்து நீட்டுகிறார்.
ஏழு. எட்டு.
பின்னாலிருந்ததை முன்னால் நகர்த்துகிறேன்.
அவர் என் முகத்தைப் பார்க்கிறார்,
குடத்தைப் பார்க்கிறார்,
"இது எட்டாவதுதானே?" என்று
விளிம்பு வழிய ஊற்றுகிறார்.